கால் தேக்கரண்டி

குவோபியோவில் எந்தத் தெருவில் இறங்கி நடந்தாலும்
கடைசியில் ஏரிதான்.
அந்த ஊரில் ஒருத்திக்கு வாய் வற்றிக்கொண்டிருந்தது
யாருக்கும் தெரியவில்லை,
அவளுக்கும்.

வியாழன் என்றால் பள்ளியில் பட்டாணி சூப்.
நூற்றெண்பது பிள்ளைகள், இரண்டு அண்டா,
துய்ரேயும் நானும்.
கரண்டியை உதட்டில் வைப்பாள்,
கூரையைப் பார்ப்பாள்,
உப்பு டப்பாவைத் திறப்பாள்.
மறுபடி கரண்டி. மறுபடி கூரை.
பிப்ரவரியில் அவள் கூரையைப் பார்க்கும் நேரம்
நீண்டுகொண்டே போனது.

மூன்றாம் வகுப்பு ஒன்னி தட்டைத் தள்ளினான்:
"இது கடல்."
புதுக் கரண்டியால் ஒரு வாய் எடுத்துப் பார்த்து
"சப்பென்றுதானே இருக்கிறது" என்றாள் துய்ரே.
என் நெஞ்சு திக்கென்றது.
நான் குடித்திருந்தேன் அந்தச் சூப்பை.
அது கடல்தான்.

ரொட்டியைப் பற்றி அப்புறம்தான் சொன்னாள்.
கறுத்த ரை ரொட்டி, பிறந்ததிலிருந்து தின்றது,
மெல்ல மெல்ல உருண்டையாய்த் திரளாமல்
பொடியாகவே சுற்றுகிறதாம்.
கொஞ்சம் கன்னத்தில் ஒதுங்கும்,
கொஞ்சம் அண்ணத்தில் அப்பும்,
ஒரு வாய்க்கு ஒரு மடக்கு மோர்.
விருந்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்,
தண்ணீர் ஜாடியை யார் பக்கத்தில் வைப்பார்களென்று
தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால்.
இரவில் நாக்கை அண்ணத்திலிருந்து பிரித்தெடுக்கையில்
ஒட்டுத்தாள் உரிக்கிற சத்தம்.

ஆஸ்பத்திரியில் கீழிமைக்குள் ஒரு தாள்துண்டு செருகினார்கள்.
ஐந்து நிமிடத்தில் நனைந்தது மூன்று மில்லிமீட்டர்.
"அப்பா செத்தபோது அழுகை வரவில்லை,
என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றே நினைத்துக்கொண்டேன்"
என்றாள் காரில்.
பிறகு ஒரு காகிதக் கோப்பை:
விழுங்காதீர்கள், அசையாமல் உட்காருங்கள்,
ஊறுவதை எல்லாம் இதில் துப்புங்கள்.
கால்மணி நேரம்.
கால் தேக்கரண்டி.

எச்சில் என்று முகம் சுளிக்கிறோம்,
தட்டை ஒதுக்குகிறோம், தம்ளரைக் கழுவுகிறோம்.
அது இல்லாவிட்டால் உலர்ந்த உப்பு நாக்குக்கு மணல்,
சர்க்கரையும் மணல்,
சூப்பில் கரைந்த உப்புகூட
வாசலில் நின்று தட்டிவிட்டுத் திரும்பிவிடும்.
ஈரம் காணாத மொட்டுகள்
தாமாகவே சுருங்கிக்கொள்ளுமாம்.
டாக்டர் இவ்வளவு சொல்லவில்லை.
அவர் சொன்னது நோயின் பெயர், சொட்டு மருந்தின் பெயர்,
உடம்பு தன் சுரப்பிகளையே பகைவரென்று எண்ணிவிட்டது என்ற செய்தி.

அதன்பின் தராசில் சமைத்தாள்.
உப்பை மட்டும் என் கையில் விட்டாள்.
"எப்படி இருக்கிறது?"
"நன்றாக."
"எந்த நன்றாக?"
எனக்குச் சொல் கிடைக்காது.
கடைசியில் "போன வாரம் மாதிரி" என்பேன்,
போன வாரமும் அதையே சொன்னவள்.

மே மாதம். கல்லவேசியில் பனி உடைந்துவிட்டது.
சாப்பிட்டு எழுகிற பிள்ளைகளுக்கு
பல்லுக்காக ஆளுக்கொரு சைலிட்டால் வில்லை.
ஒன்னி தன்னுடையதை அவள் உள்ளங்கையில் வைத்தான்.
அன்பெல்லாம் இல்லை. "எனக்குப் புதினா பிடிக்காது."
அவள் வாயில் போட்டுக்கொண்டாள், குப்பைத்தொட்டி தூரமாயிருந்ததால்.

தட்டு அடுக்கினாள். மேசை துடைத்தாள்.
திடீரென்று காதுக்குக் கீழே கை வைத்து நின்றாள்,
அங்கே யாரோ கூப்பிட்டதுபோல.
வில்லையைத் துப்பிவிட்டு
அண்டாவுக்கு ஓடினாள், கரண்டியோடு.
இரண்டாம் பந்திக்கு இன்னும் பத்து நிமிடம்.

இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
"உப்பு அதிகம்."

நான் ஒன்றும் பேசவில்லை.
அண்டாவில் ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றினேன்.